பச்சை உணவும் நம் நெறியும்

தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் குடியேறிய நம் இல்லங்களிலும் இயற்கை உணவுப் பேச்சு எழுகின்றது. சமையலை விட்டவர் உள்ளத்தில் பெருமிதமும் சுடுசோற்று ஏக்கமும் மாறிமாறி எழுதல் இயல்பே. காந்தியடிகளும் 1929இல் சமைக்காத உணவைச் சில மாதங்கள் உண்டு, வயிற்றுக்கடுப்புக் கண்டதும் கைவிட்டார்.

'சமைக்காததே தூயது' என்று எண்ணுவோர் நம் அறநூலை நினைத்தல் வேண்டும். இல்லறத்தார்க்குரிய 11 படிநிலைகளுள் ஐந்தாவது சச்சித்த தியாகம். உயிர்த்தன்மை நீங்காத காய், கனி, கிழங்கு, முளை முதலியவற்றைப் பச்சையாக உண்ணாமையே அது. அந்நிலையினர் நீரையும் காய்ச்சியே பருகுவர். உயிரிரக்கமும் நாவடக்கமும் அதன் நோக்கம்.

ஆதலின், உணவை மாற்றும் மகனைப் பெற்றோர் எள்ளற்க. அவனும் அடுப்படியில் நிற்கும் அன்னையைத் தாழ்வாக எண்ணற்க. அடுப்பை அணைத்தல் எளிது. நாவை அடக்கல் அரிது. அறம் வளர்க!