உலகத்தைப் படிக்கும் படிப்பு
(பெற்றோர், மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சர்வதேச உறவுகள், உலகக் கற்கைகள் என்று ஒரு பாடத்துறை பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. கேட்டவுடனே, "அதெல்லாம் கொழும்புப் புள்ளைங்களுக்கு, நமக்கு எதுக்கு?" என்று சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் டில்லியில் கைச்சாத்தானது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று விட்டார்கள். 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் அந்தக் கரை, தம்பி இந்தக் கரை என்று பிரிந்த கதை எத்தனை லயங்களில் இருக்கிறது! அந்த மேசையில் நம்ம ஆள் ஒருவரும் இல்லை.

கொழுந்தும் அப்படித்தான். ஈரானுக்குக் கொடுக்கவேண்டிய 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பதென்று 2021இல் உடன்பாடு செய்தார்கள். காலையில் பெரட்டுக்குப் போகிற தாய்க்கு இது தெரியாது. தெரிந்த ஒருவர் நம்ம வீட்டுக்குள்ளே இருக்க வேண்டாமா?

சரி, இந்தப் படிப்புக்கு என்ன வேணும்? வெளிநாட்டில் இதை எப்படி ஒழுங்கு செய்கிறார்கள் என்று முதலில் ஓர் உதாரணம் சொல்கிறோம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உலகமயமாதல் பற்றிய அடிப்படைப் பாடங்களை முதலில் படிக்க வேண்டும். பிறகு மனித உரிமை, மோதல்கள், செல்வமும் சமத்துவமின்மையும் என்பவை போன்ற வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அதோடு வேறொரு மொழியும் கட்டாயம். அங்கே இரண்டாம் மொழிக்கு வகுப்பு வைத்துத்தான் படிப்பிக்கிறார்கள். நம்ம புள்ளைங்க தமிழ் பேசி, கடைவீதியில் சிங்களமும் கேட்டு வளர்கிறார்கள். அது சின்ன முதல் இல்லை.

நம்ம நாட்டில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் பாடத்தில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் படிக்கலாம். அரசாங்கப் பல்கலைக்கழகம் என்றபடியால் படிப்புக்குக் கட்டணம் இல்லை. உள்ளே போக, உயர்தரத்தில் மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியடைய வேண்டும். பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளிக்குக் குறையக் கூடாது. அதுக்கு மேலே இசட் புள்ளி. விஞ்ஞானப் பிரிவு இல்லாத தோட்டப்புறப் பாடசாலைகள் சிலவற்றிலும் கலைப்பிரிவு இருக்கும். ஆகவே இந்தக் கதவு நமக்குக் கிட்டத்தான் இருக்கிறது.

பாடம் தெரிவு செய்கிற நேரத்தில்தான் பிசகுகிறது. "அந்தப் பாடம் லேசு, அக்கா எடுத்தாள்" என்று மூன்றை எடுத்துவிட்டு வருகிறார்கள். லேசான பாடம் என்று ஒன்றும் கிடையாது, அது வேறு கதை. இந்தத் துறையை நினைக்கிறவர் அரசறிவியல், பொருளியல், வரலாறு, புவியியல் ஆகியவற்றில் இரண்டையாவது எடுத்தால் பிறகு கைகொடுக்கும்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்று ஒரு வினாத்தாள் உண்டு. அதன் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்குச் சேராது. சேராது என்று தெரிந்ததும் புத்தகத்தைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்தத் துறையின் நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில். அனுமதி கிடைத்து, பெட்டி கட்டிப் போன பிள்ளை, முதல் வருடத்திலேயே பக்கம் புரியாமல் வேறு பாடத்துக்கு மாறிவிடுவது அதனால்தான். புத்தி குறைந்தல்ல. இரண்டு வருடம், ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் போதும். ரேடியோ ஆங்கிலச் செய்தியிலிருந்து தொடங்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பெறுபேறு வரும் வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம் என்று கொழும்புக்குக் கடைவேலைக்கும் கார்மெண்டுக்கும் அனுப்புகிறோம். வீட்டுக் கஷ்டம் எங்களுக்கும் தெரியும். அனுப்பினாலும், விண்ணப்பிக்கிற திகதிக்குப் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் தமிழிலும் வருகிறது. பாடநெறி, பல்கலைக்கழகம் இரண்டின் விருப்ப ஒழுங்கையும் அதைப் பார்த்து, ஆசிரியரோடு உட்கார்ந்து நிரப்புங்கள். கடையில் யாரோ நிரப்பித் தரக்கூடாது.

இடம் கிடைக்காதவர்களும் மனம் தளர வேண்டாம். கொழும்பில் பண்டாரநாயக்க சர்வதேசக் கற்கைகள் நிலையம் இதே துறையில் டிப்ளோமா நடத்துகிறது. அதற்குக் கட்டணம் உண்டு. விபரம் கேட்டு ஒரு கடிதம் போடுங்கள். அதை ஆங்கிலத்திலேயே எழுதி எங்களிடம் கொண்டுவந்தால், அனுப்புமுன் சேர்ந்து திருத்துவோம்.