அசையாமல் நிற்கப் பழகும் நாய்க்குட்டி

சிறு குழந்தையைப் படம் பிடிக்கும் புகைப்படக்காரருக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை நேயர்கள் நன்கு அறிவார்கள். கிலுகிலுப்பையை ஆட்டுவார், காகத்தைப்போலக் கரைவார், தாயைத் தமக்குப் பின்னால் வந்து நிற்கச் சொல்வார். குழந்தை ஒரு கணம் அசையாதிருக்கும். அந்த ஒரு கணம் அவருக்குப் போதும். நாய்க்கண்காட்சிக்குச் செல்லவிருக்கும் குட்டியைப் பழக்குபவருக்கோ அது போதாது. அக்குட்டி ஓரிரு நிமிடமேனும் நான்கு கால்களையும் ஊன்றி நிற்றல் வேண்டும். அவ்வாறு நிற்கும்போதே முன்பின் அறியாத ஒருவர் அதன் உதட்டை உயர்த்திப் பல் வரிசையைப் பார்ப்பார்; தோளையும் விலாவையும் தடவுவார்; பின்கால்களை அழுத்திப் பார்ப்பார். குட்டி விலகி ஓடுதல் ஆகாது, உட்காருதல் ஆகாது, உறுமுதல் எவ்வாற்றானும் ஆகாது. அதோடு, அது விருப்பத்தோடு நிற்பதாகவும் தோன்ற வேண்டும். துள்ளுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு பிராணிக்கு இதனைக் கற்பிப்பது எங்ஙனம்?

இக்கண்காட்சிகளின் வரலாற்றைச் சற்றே நோக்கினால் நிற்றலுக்கு ஏன் இத்துணை மதிப்பு என்பது விளங்கும். இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள நியூகாசில் நகரில் 1859ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடைபெற்ற கண்காட்சியையே நவீன நாய்க்கண்காட்சிகளுள் முதலாவதாகக் கூறுவது வழக்கம். வேட்டைக்குத் துணைபோகும் பொயின்டர், செற்றர் என்னும் இரு இன நாய்கள் மட்டுமே அதில் இடம்பெற்றன. வென்றவர்களுக்குக் கிடைத்த பரிசும் வேட்டைத் துப்பாக்கியே. 1873இல் இலண்டனில் கெனல் கிளப் தோன்றி விதிகளை வகுத்தது. சாள்ஸ் கிறவ்ற் என்பவர் 1891இல் தம் பெயராலே தொடங்கிய கண்காட்சி இன்று பேர்மிங்காம் நகரில் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. 1991 முதல் அதுவே அதன் இடம்.

ஒவ்வோர் இனத்துக்கும் எழுதி வைத்த இலக்கணம் ஒன்று உண்டு. தலையின் வடிவம், தோளின் சாய்வு, முதுகின் நேர்மை, வாலின் இருப்பு ஆகிய யாவும் அதிற் சொல்லப்பட்டிருக்கும். நடுவர் அந்த இலக்கணத்தை மனத்திற்கொண்டு நாயை ஒப்பு நோக்குகின்றார். நெளிந்து குழைந்து நிற்கும் நாயின் தோள் எங்கே தொடங்குகின்றது, முதுகு எங்கே தாழ்கின்றது என்பதை எவராலும் காண இயலாது. நீண்ட மயிருள்ள இனங்களில் கண் ஏமாற்றும். கைதான் உண்மையைச் சொல்லும். ஆதலால் நாய் நிற்கவும் வேண்டும், தொடவும் விடவேண்டும். இலக்கணங்கள் எல்லாம் நாயின் நலத்துக்கே வகுக்கப்பட்டவை என்று கொள்வதற்கில்லை என்பதும் நினைவிலிருக்கத்தக்கது. மூச்சுவிட இடர்ப்படும் அளவுக்கு முகம் தட்டையான நாய்களுக்குப் பரிசளித்தமை கடுங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அதன் பயனாக 2012ஆம் ஆண்டு முதல் மேற்சொன்ன கண்காட்சியில் குறிப்பிட்ட சில இனங்களில் வென்ற நாய்களை மிருக வைத்தியர்களும் பரிசோதிக்கலாயினர். அது தனியே பேசவேண்டிய விடயம்.

பெரும்பாலான இனங்களுக்குரிய நிலை ஒன்றே. முன்கால்கள் இரண்டும் தோளுக்கு நேர்கீழே ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும். பின்கால்கள் சற்றே பின்தள்ளி, கணு மூட்டிலிருந்து பாதம் வரையுள்ள பகுதி நிலத்துக்குச் செங்குத்தாக அமையும். தலை நிமிர்ந்திருக்கும். ஜேர்மன் செப்பேட் இனம் மட்டும் ஒரு பின்காலை முன்னே வைத்து, மற்றதைப் பின்னே நீட்டி நிற்பது மரபு. சிறிய நாய்களை மேசைமீது வைத்தும், பெரியவற்றை நிலத்தில் நிறுத்தியும் நடுவர் பார்ப்பார்.

பிரித்தானியாவில் குட்டிகளுக்குரிய வழமையான வகுப்பு 6 மாதம் முதல் 12 மாதம் வரை வயதுள்ளவற்றுக்கானது. ஆயினும் பயிற்சியை ஆறாம் மாதத்தில் தொடங்கலாம் என்று காத்திருப்பவர் பெருந்தவறு செய்கின்றார். இதற்குச் சான்று ஆராய்ச்சியிலேயே உண்டு. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலுள்ள பார் ஹாபர் என்னுமிடத்தில் ஸ்கொற், புல்லர் என்னும் அறிஞர் இருவர் ஐந்து இன நாய்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 1965இல் தம் முடிபுகளை நூலாக வெளியிட்டனர். குட்டி பிறந்து மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறையப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே அது மனிதரோடும் பிற பிராணிகளோடும் உறவு கொள்ளக் கற்கும் காலம் என்பது அவர்கள் கண்டது. அதே ஆய்வுகூடத்தில் வேறொரு சோதனையும் நடந்தது. அதன் முடிவு 1961இல் வெளியாயிற்று. பதினான்கு வாரம் வரை மனிதத் தொடர்பேயின்றி வெளியில் வளர்ந்த குட்டிகள் பின்னர் எவ்வளவு பழக்கியும் மனிதரை அஞ்சி ஒதுங்கும் காட்டு விலங்குகள் போலவே இருந்தன. அந்நியர் கை தன்மீது படுவதை ஒரு குட்டி வாழ்நாள் முழுவதும் எவ்வாறு ஏற்கும் என்பது, அது கண்காட்சி வளையத்தைக் காண்பதற்கு நெடுநாள் முன்னரே பெரிதும் முடிவாகிவிடுகின்றது என்றே சொல்லவேண்டும்.

ஆதலால் எட்டாம் வாரத்தில் குட்டி புதிய வீட்டுக்கு வந்தவுடன் பாடத்தைத் தொடங்கிவிடலாம். தொடக்கப் பாடம் மிகச் சிறியது. பசியோடு இருக்கும் வேளை பார்த்து, அவித்த ஈரலையோ கோழியிறைச்சியையோ கடலைப் பருப்பளவு துண்டுகளாக்கி வைத்துக்கொள்ளுதல் வேண்டும். துண்டைக் குட்டியின் மூக்குக்கு நேராகப் பிடித்து, மெல்ல முன்னே இழுத்தால் அது எழுந்து ஓரடி வைத்து நிற்கும். நின்ற அந்தக் கணத்திலேயே தீனி வாய்க்குப் போய்விடவேண்டும். இங்கே கையின் உயரம் முக்கியமானது. கை சற்று உயர்ந்தால் குட்டி அண்ணாந்து பார்க்கும். அண்ணாந்தால் பின்புறம் தாழ்ந்து உட்கார்ந்துவிடும். கை தாழ்ந்தால் படுத்துவிடும். குட்டி கீழ்ப்படியவில்லை என்று பலர் குறைகூறும் இடத்தில், பெரும்பாலும் கீழ்ப்படியாதது பழக்குபவரின் கைதான்.

தீனி கொடுக்கும் நேரமும் அவ்வாறே. குட்டி ஒரு விநாடி நின்று, பின் உட்கார்ந்து, அதன்பின் தீனியைப் பெற்றால், உட்கார்ந்ததற்கே பரிசு கிடைத்ததாக அது கொள்ளும். அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர் 1951இல் பிராணிகளுக்குக் கற்பிப்பது பற்றி எழுதிய கட்டுரையில் இதனையே வற்புறுத்தினார். பரிசு உடனே கிடைத்தாலன்றிப் பயனில்லை. கை அவ்வளவு விரைவாகச் செல்லாதாகையால், 'கிளிக்' என ஒலிக்கும் சிறு விளையாட்டுக் கருவியின் ஓசையைத் தீனியின் முன்னறிவிப்பாக முதலிற் பழக்கிக்கொள்ளலாம் என்பது அவர் கூறிய வழி. இன்று உலகெங்கும் நாய் பழக்குவோர் கையிலிருக்கும் கிளிக்கர் என்னும் கருவியின் பயன்பாடு இதுவே. கருவி இல்லாதவர் 'ஆம்' என்ற ஒரு சொல்லைச் சுருக்கமாக, எப்போதும் ஒரே குரலில் சொன்னாலும் காரியம் நடக்கும்.

ஒரு விநாடி நிற்கக் கற்ற குட்டியை அடுத்த நாளே ஒரு நிமிடம் நிறுத்த முயல்வது அறியாமை. இரண்டு விநாடி, ஐந்து விநாடி, மறுபடியும் இரண்டு, பின் எட்டு எனக் காலத்தைக் கூட்டியும் குறைத்தும் செல்லுதல் வேண்டும். எப்போதும் கூடிக்கொண்டே போகும் பாடம் எந்த மாணவனையும் சலிப்படையச் செய்யும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடப் பயிற்சி போதும்; நாளைக்கு இரண்டு தடவை செய்யலாம். குட்டி தவறுவதற்கு முன்பே முடித்துவிடுவது கெட்டிக்காரத்தனம். 'நில்' என்று சொல்லித் தொடங்கியது போலவே, 'போதும்' என்ற சொல்லால் முடித்து வைக்கவும் வேண்டும். எப்போது முடியும் என்று அறியாத குட்டி தானே முடித்துக்கொள்ளும்.

இவ்விடத்தில் ஒரு சிக்கலைச் சொல்லவேண்டும். வீட்டு நாய்க்கு எல்லாரும் முதலிற் கற்பிப்பது 'இரு' என்பதே. உட்கார்ந்தால் தீனி கிடைக்கும் என்று ஊறிப்போன குட்டி, வளையத்திலும் நடுவர் அருகே வந்தவுடன் மரியாதையாக உட்கார்ந்துவிடும். அது தன்னளவில் நல்ல பிள்ளையாகவே நடந்துகொள்கின்றது! ஆகையால் கண்காட்சிக் குட்டிக்கு நிற்றலை முன்னும், உட்காருதலைப் பின்னும் கற்பிப்பவர் பலர்.

மேசைப் பாடம் தனியானது. மேசை ஆடக்கூடாது, மேற்பரப்பு வழுக்கக்கூடாது. இறப்பர் விரிப்பு ஒன்று போதும். கால் வழுக்கிய குட்டிக்கு மேசை என்றாலே அச்சம் வந்துவிடும். ஒரு கை தாடையின் கீழும், மற்றக் கை வயிற்றின் கீழும் இருக்கக் குட்டியை மெல்ல இறக்கி வைக்கவேண்டும். அது குதிப்பதற்கு ஒருபோதும் இடமளித்தல் ஆகாது. இளம் எலும்பு முறிய ஒரு குதிப்பே போதும். முன்காலைத் திருத்தும்போது பாதத்தைப் பிடித்து இழுக்காமல் முழங்கைப் பக்கமாகப் பிடித்துத் தூக்கி வைப்பர். பின்காலைக் கணு மூட்டில் பிடித்து வைப்பர். பாதத்தைப் பிடித்தால் குட்டி உடனே பறித்துக்கொள்ளும்.

நாய்க்கு இயல்பாயுள்ள ஒரு குணம் பழக்குபவருக்கு உதவியாகின்றது. ஒரு பக்கம் தள்ளினால் அது எதிர்ப்பக்கம் சாயும். பின்வாங்கி நிற்கும் குட்டியை முன்னே தள்ளினால் இன்னும் பின்வாங்கும். நெஞ்சில் விரலை வைத்து மெல்லப் பின்னே அழுத்தினால், தானாகவே முன்னே சாய்ந்து நிமிர்ந்து நிற்கும். அழுத்தம் இறகு படுவது போலிருந்தால் போதும்.

வன்முறையால் நிறுத்தினால் என்ன என்று கேட்போரும் உளர். கழுத்துவாரை மேலே இறுக்கிப் பிடித்து, அசைந்தால் சுண்டி இழுத்து, அதட்டி நிறுத்தலாம், நாய் நிற்கும். அந்த வழியும் நெடுங்காலம் கையாளப்பட்டதுதான். ஆனால் அச்சத்தால் நிற்பதும் இசைந்து நிற்பதும் ஒன்றாகா. வேறுபாடு நாயின் உடலிலேயே எழுதியிருக்கும். அஞ்சி நிற்கும் நாய் வாலை உள்ளே ஒடுக்கும். காதைப் பின்னே சாய்க்கும். பசியின்றியே உதட்டை நக்கும். சோர்வின்றியே கொட்டாவி விடும். முகத்தைத் திருப்பாமற் கண்ணை மட்டும் ஓரத்துக்குத் திருப்ப, வெண்விழி பிறைபோலத் தெரியும். முதுகு வளையும், தோள் சுருங்கும். எந்த உருவத்தைக் காட்டுவதற்காக அதனை நிறுத்தினார்களோ அந்த உருவமே கெட்டுவிடும். பயன் கருதிப் பார்த்தாலும் அதட்டல் நட்டமே.

இதனினும் பெரிய நட்டம் வேறொன்று. உறுமியதற்காக அடிவாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், அச்சத்தை விடாது. அடுத்த தடவை உறுமல் என்னும் எச்சரிக்கை இல்லாமலே கடிக்கக்கூடும். பல்லைப் பார்க்க வந்த நடுவரின் கையோ, வீட்டுக்கு வந்த அயற்பிள்ளையின் கையோ அதற்கு இரையாகலாம். உறுமும் குட்டி 'எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை' என்று சொல்கின்றது. அதைக் கேட்டு ஒருபடி கீழிறங்கி, கை படாமல் அருகில் மட்டும் நின்று தீனி கொடுத்துத் தொடங்குவதே முறை.

கை படுவதையும் படிப்படியாகவே பழக்கவேண்டும். முதலில் வீட்டார் தோளைத் தொட்டுத் தீனி கொடுப்பர். பிறகு விலா, பிறகு வால், பாதம், காது, ஈற்றில் வாய். அடுத்து நண்பர் ஒருவர் வருவார். தொப்பி அணிந்தவர், மூக்குக்கண்ணாடி அணிந்தவர், தாடி வைத்தவர், குடை ஏந்தியவர் என வகைவகையானவர் வரவேண்டும். நாய்க்கு ஒவ்வொரு கோலமும் வேறு மனிதனே. ஆண் நாயாயின் விதைகள் இரண்டும் இறங்கியுள்ளனவா என்று நடுவர் கையால் பார்ப்பார். அதனையும் முன்னரே பழக்காவிட்டால் நாய் துணுக்குறும்.

நான்காம் மாதம் முதல் ஏறக்குறைய ஏழாம் மாதம் வரை பாற்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். முரசு நோகும். அக்காலத்தில் வாயைத் திறந்து பார்க்கும் பயிற்சியை மிகவும் குறைத்தல் நன்று. நோவோடு சேர்த்துப் படித்த பாடத்தை நாய் மறப்பதில்லை.

தமிழ்நாட்டு இராசபாளையம் நாயைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லலாம். வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட அந்த இனத்தின் உருவத்தை இந்திய அஞ்சற்றுறை 2005இல் முத்திரையாக வெளியிட்டது. இந்தியக் கண்காட்சிகளிலும் அது தோன்றுகின்றது. காவலுக்கும் வேட்டைக்கும் வளர்க்கப்பட்ட அது அந்நியரை எளிதில் அணுகவிடாது. அந்தக் குணமே அதன் பெருமை. அத்தகைய நாயைப் பிறர் தொட நிற்கச் செய்வதற்கு அன்புக்கு இன்னும் நெடிய கால அவகாசம் வேண்டும். எல்லாரிடமும் வாலாட்டும்படி அதனை மாற்ற வேண்டியதில்லை. தன் எசமானர் அருகில் இருக்கும்வரை அந்தக் கை தீங்கு செய்யாது என்று அது நம்பினாற் போதும்.

கண்காட்சிக்கே போகாத நாய்க்கும் இப்பாடம் பயனற்றதன்று. விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றும் இடத்தில் வாயைக் கயிற்றால் கட்டி, நாலுபேர் அமுக்கிப் பிடிக்க, அலறித் துடிக்கும் நாய்களை யாவரும் கண்டிருப்பர். மேசையில் நிற்கவும் கை படவும் குட்டிப் பருவத்திலேயே பழகிய நாய்க்கு அங்கே ஓர் ஊசி, ஒரு துண்டு இறைச்சி, அவ்வளவே. உண்ணி எடுப்பதும் நகம் வெட்டுவதும் காதிற் புண் பார்ப்பதும் அவ்வாறே இலகுவாகும். கண்காட்சிப் பரிசைவிட இதன் மதிப்பு அதிகம் என்று கருதுவோர் கருத்தில் நியாயம் உண்டு.

வளையத்தினுள் புகுந்த நாளில் அனுபவம் மிக்கவர்கள் செய்வது ஒன்றுண்டு. பத்துப் பன்னிரண்டு நாய்கள் வரிசையாக நிற்க, நடுவர் ஒவ்வொன்றாகப் பார்த்து வருவார். புதியவர் தம் குட்டியை முதலிலிருந்து கடைசிவரை சிலைபோல நிறுத்த முயன்று, முறை வருவதற்குள் அதனைக் களைப்படையச் செய்துவிடுவார். பழகியவரோ நடுவரின் கண் மற்ற நாய்மீது இருக்கும்வரை குட்டியைத் தளரவிட்டு, காதைச் சொறிந்து, மெல்லப் பேசிக்கொண்டிருப்பார். தமக்கு முந்திய நாயின் பரிசோதனை முடியும் வேளையிலேதான் பையிலிருந்து ஈரல் துண்டை எடுத்து 'நில்' என்பார். குட்டி நிமிரும். நடுவரின் கை தலையிலிருந்து வால்வரை சென்று மீளும். அவர் அடுத்த நாயிடம் திரும்பியதும் 'போதும்' என்ற சொல் வரும். குட்டி தலை முதல் வால்வரை உடலை ஒருமுறை உதறிக்கொண்டு, மீதித் துண்டு எந்தக் கையில் இருக்கின்றது என்று தேடத் தொடங்கும்.