பாழ்மனையும் பங்குக் கடனும்



வீடு வாங்குவதென்றால் பத்திரம் எழுதிச் சாவியைப் பெற்றுக்கொள்வது என்றே நாம் எண்ணுகிறோம். நியூயார்க் நகரத்துக் கூட்டுறவு அடுக்குமாடி வீடுகளில் நடப்பது வேறு. அங்கே கட்டிடம் முழுவதும் ஒரு கூட்டுறவு நிறுவனத்துக்குச் சொந்தம். வீடு வேண்டுபவர் அந்நிறுவனத்தின் பங்குகளை வாங்குகிறார். அவற்றின் பேரால் ஒரு பகுதியில் குடியிருக்கும் குத்தகை உரிமை அவருக்குக் கிடைக்கிறது. வங்கியில் அவர் கடன் பெற்றால், அதற்கு ஈடு சுவரும் கூரையும் அல்ல; அந்தப் பங்குகளும் குத்தகையுமே.

ஆகவே வங்கி கடன் கேட்பவரை மட்டும் ஆராய்ந்து நின்றுவிடுவதில்லை. அவர் சேரவிருக்கும் நிறுவனத்தையும் ஆராய்கிறது. கட்டிடத்தின்மீது ஏற்கெனவே அடமானம் எவ்வளவு? பொதுச் செலவுக்குரிய மாதத் தொகையைச் செலுத்தாது நிற்போர் எத்தனை பேர்? கூரை ஒழுகுகிறதா? நல்ல சம்பளமும் நாணயமும் உடைய ஒருவர், கட்டிடத்தின் குறையால் கடன் மறுக்கப்படுவதும் உண்டு. பாழடைந்த வீடு மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்குப் பாடம் நடத்திய பழக்கம் என்னை விடவில்லை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது குடும்பங்கள் உள்ள கட்டிடத்தைப் பழுதுபார்க்க நிறுவனம் 2,00,000 டாலர் கடன் வாங்குகிறது. தலைக்கு 10,000. நால்வர் செலுத்தத் தவறினால் எஞ்சிய பதினாறு பேரின் சுமை 12,500 ஆகிவிடும். தம் வீட்டுத் தரையைப் பளிங்கு போல் ஆக்கிக்கொண்டவரும் இதற்குத் தப்ப முடியாது.

1970ஆம் ஆண்டுகளில் அந்நகரத்தின் ஏழைப் பகுதிகளில் உரிமையாளர்கள் பலர் வரி கட்டாமல் கட்டிடங்களைக் கைவிட்டனர். அவை நகராட்சியின் வசம் வந்தன. வங்கிகளோ அப்பகுதிகளுக்குக் கடன் கொடுக்கத் தயங்கின. கையில் பணமில்லாதவர் எதை முதலாக வைப்பது? கிழக்குப் பதினோராம் தெருவில், தீயில் சேதமுற்ற 519ஆம் எண் கட்டிடத்தை எடுத்துக்கொண்டவர்கள் தம் உழைப்பையே முதலாக வைத்தார்கள். நகராட்சி கடன் கொடுத்தது; ஊதியம் பெறாமல் அவர்கள் செய்த வேலை, கைப்பணத்துக்கு ஈடாகக் கொள்ளப்பட்டது. 1976இல் அக்கட்டிடத்தின் உச்சியில் ஒரு காற்றாலையையும் நிறுவினார்கள்!

1978இல் தொடங்கிய நகராட்சித் திட்டம் ஒன்றில், குடியிருப்போர் முதலில் கட்டிடத்தைத் தாமே நிர்வகித்துக் காட்ட வேண்டியிருந்தது. பின்னர் வீடு ஒன்றுக்கு 250 டாலர் செலுத்திப் பங்குதாரர் ஆக முடிந்தது. இவ்வளவு மலிவாகப் பெற்றதை நினைத்த விலைக்கு விற்றுவிட முடியாதபடி கட்டுப்பாடுகளும் இருந்தன. அது நியாயமே என்பது என் அபிப்பிராயம்.

2002இல், அனுமதியின்றிக் குடியேறியவர்கள் பல்லாண்டுகள் தம் கையாலேயே செப்பனிட்டு வாழ்ந்த பதினொரு கட்டிடங்களை, கட்டிடத்துக்கு ஒரு டாலர் வீதம், ஒரு தொண்டு நிறுவனத்திடம் நகராட்சி ஒப்படைத்தது. குடியிருப்போரை உரிமையாளர் ஆக்குவதே நோக்கம். ஆனால் கட்டிட விதிகளுக்கு இணங்கச் செப்பனிடக் கடன் வாங்க வேண்டியிருந்தது. அக்கடன் குடியிருப்போர் தலையிலேயே விழுந்தது. சில கட்டிடங்களில் உரிமை கைக்கு வரப் பத்தாண்டுகளுக்கும் மேலாயிற்று. அதுவரை சுத்தியலும் சாந்துக்கரண்டியுமாக வாழ்ந்தவர்கள், மாலைக் கூட்டங்களில் அமர்ந்து வட்டிக் கணக்குப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள்.