குரல்வளைப் பரு



தாராவியிலோ செம்பூரிலோ ஒரு குழந்தையின் குரல் கம்மினால், சளி என்றே நாம் முதலில் எண்ணுகிறோம். சுக்குக் கஷாயமும் பனங்கற்கண்டும் தருகிறோம். பெரும்பாலும் அது சரியே. ஆனால் மூன்று வாரங்கள் கடந்தும் கம்மல் நீங்காவிடில் வாளாவிருத்தல் தகாது. மூச்சை உள்ளிழுக்கையில் இரைச்சல் எழுமாயின், ஒரு நாளும் காத்திராமல் மருத்துவரை நாடவேண்டும். ஆஸ்துமாவின் இழுப்பு பெரும்பாலும் மூச்சை விடுகையிலேயே கேட்கும். உள்ளிழுக்கையில் எழும் ஓசையோ குரல்வளையில் தடை இருப்பதைக் காட்டும்.

அத்தடை, குரல் நாண்களில் கொத்துக் கொத்தாய் வளரும் பாப்பிலோமா என்னும் பருவாக இருக்கலாம். இஃது அரிய நோய், புற்றுநோயன்று. பாப்பிலோமா வைரசின் 6, 11 ஆகிய வகைகள் இதனை உண்டாக்குகின்றன. குழந்தைகட்குப் பெரும்பாலும் பிறப்பின்போது தாயிடமிருந்து தொற்றுகிறது. தாய்க்கு நோய்க்குறி எதுவும் இல்லாதிருக்கலாம். ஆகவே அவரைப் பழித்தல் அறியாமை.

உயிருள்ள மனிதனின் குரல் நாண்களைக் கண்ணாடியில் காணும் முறையை 1854-இல் வகுத்தவர் மானுவல் கார்சியா என்னும் சங்கீத ஆசிரியர். மாட்டுங்காவின் இசையன்பர்கள் இதனைக் கேட்டு மகிழ்வர். இன்று மெல்லிய குழாய்க் கருவியால் மருத்துவர் அதனைப் பார்க்கிறார். ஆயினும் கண்ணால் கண்டது போதாது. சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்தல் வேண்டும். 1887-இல் ஜெர்மானிய இளவரசர் பிரெடரிக்கின் தொண்டைத் துணுக்கில் புற்று காணப்படவில்லை. அறுவை தள்ளிப்போயிற்று; மறு ஆண்டே, பேரரசரான 99 நாட்களில், புற்றுநோயால் அவர் மாண்டார். ஐயம் தீராவிடில் மீண்டும் சோதித்தலே முறை.

பாப்பிலோமாவை மயக்க மருந்து தந்து, நுண்கருவியாலோ லேசர் கதிராலோ அகற்றுகின்றனர். சுற்றியுள்ள சளிச்சவ்வில் வைரஸ் தங்குவதால் பரு மீண்டும் முளைக்கலாம். பலமுறை சிகிச்சை தேவைப்படலாம். ஒருமுறை குணமாயிற்று என்று நின்றுவிடும் பெற்றோரே பின்னர்ப் பெரிதும் அல்லலுறுவர். வளர்ச்சி மிகுந்தால் மூச்சுவழியே அடைபடும்.

வருமுன் காக்கவும் வழியுண்டு. 6, 11 வகைகளையும் தடுக்கும் ஊசியை ஆஸ்திரேலியா 2007-இல் பெண்களுக்குப் போடத் தொடங்கியபின், அங்கே குழந்தைகளிடம் இந்நோய் வெகுவாகக் குறைந்தது.

தாராவியை அடுத்தே சயான் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. அங்கே காது, மூக்கு, தொண்டைப் பிரிவும் உண்டு. குழந்தையின் குரல் மாறினால், அக்கம்பக்கத்தாரின் யோசனையோடு நில்லாமல் அங்குச் சென்று காட்டுவோமாக.