உலைக்களத்துக் கத்தி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே அமைந்தது காங்கேசன்துறை. அங்கே வீசும் கடற்காற்றிலே உப்பு உண்டு; இரும்புக்கு அவ்வுப்பு கொடிய பகை. ஆயினும், பனையோடும் தோட்டத்தோடும் பழகிய அப்பகுதி வாழ்க்கை இரும்புக் கத்தியின்றி நடைபெறாது. ஓலை வார்ந்து பெட்டியும் பாயும் இழைக்கும் பெண்களுக்குச் சத்தகம். வேலி அடைப்பவருக்குக் காட்டுக்கத்தி. பாளை சீவுபவருக்குப் பாளைக்கத்தி. இவை யாவும் பிடியிலே உறுதியாகப் பொருத்தப்பட்ட, மடங்காத அலகுடையவை; கொல்லர் பட்டடையிலே அடித்துருவாக்கப்படுபவை.

விலை குறைந்தால் தரமும் குறையும் என்று பலர் எண்ணுவர். கொல்லர் கத்தி மலிவாவதற்குக் காரணம் வேறு. லொறிகளின் பழைய வில்லுத்தகடு அதற்கு ஏற்ற உருக்கு. அதிலே நூற்றுக்கு ஏறத்தாழ 0.6 பங்கு கரி கலந்திருக்கும். அக்கரியே கூர்மையைத் தாங்கும் வலிமையைத் தருவது. சிவக்கக் காய்ச்சித் தோய்த்த அலகு கண்ணாடி போலக் கடினமாகும். கண்ணாடி போலவே எளிதில் உடையவும் கூடும். ஆதலின் மறுபடியும் இளஞ்சூடு காட்டுதல் வேண்டும். துலக்கிய அலகிலே வைக்கோல் நிறம் தோன்றும் வேளை, வெப்பம் ஏறத்தாழ 220 பாகை செல்சியஸ். அந்நிறத்தை அறிந்து நிறுத்துவது கொல்லரின் கண்.

இத்தகைய திறன் இலங்கைக்குப் புதிதன்று. தென்பகுதியிலுள்ள சமனலவெவப் பிரதேசத்திலே, பருவக்காற்றின் விசையினால் இரும்பு உருக்கிய பழைய உலைகளைப் பற்றிக் கில்லியன் ஜுலெஃப் என்னும் அறிஞர் 1996 இல் உலகறிய எழுதினார். வடகரையிலே இரும்பைத் தின்னும் காற்று, அங்கே இரும்பை ஈன்றது.

கத்தி வாங்குவோர் அலகைச் சுண்டிப் பார்த்தல் நன்று. தெளிந்த ஓசை எழுந்தால் மகிழலாம். மந்தமான ஓசை எழுந்தால் வெடிப்பு இருக்கக்கூடும். அலகின் வால் பிடிக்குள் ஆழச் சென்றிருக்கிறதா, பூண் இறுகியிருக்கிறதா என்றும் நோக்குதல் வேண்டும். வேலை முடிந்ததும் ஈரம் போகத் துடைத்துச் சிறிது தேங்காய் எண்ணெய் பூசினால் துரு அணுகாது. தீட்டுவதற்கு நீர் தெளித்த கல்லே உத்தமம். விரைந்து சுழலும் இயந்திரக் கல்லிலே வெறுமனே பிடித்தால் விளிம்பு சூடேறி நீலநிறமாகும். கொல்லர் ஏற்றிய கடினம் அக்கணமே குறைந்துவிடும்.

1990 இல் போரினால் காங்கேசன்துறையும் அயலூர்களும் வெறுமையாயின. காணிகள் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. பின்னர்ப் பகுதி பகுதியாக அவை விடுவிக்கப்பட்டபோது, மீண்டவர்கள் கண்டவை இடிந்த சுவர்களும் மண்டிய பற்றைகளுமே. கண்ணிவெடி அகற்றப்பட்ட காணியிலே, கிணற்றடிக்கும் வாசலுக்கும் வழி திறக்கக் கத்தி வேண்டியிருந்தது.

அக்கத்தியின் பிடி தளரலாம், விளிம்பு பல்விழலாம். பிடியைப் புதிதாகப் பொருத்தவும், தேய்ந்த அலகை மீண்டும் அடித்துத் தோய்க்கவும் அருகிலே ஒரு பட்டடை வேண்டும். அது நிலைப்பதோ, அங்கே சென்று வாங்குவோரைப் பொறுத்தது. கொல்லரிடம் ஒரு கத்தி வாங்குபவர், அதனைத் திருத்தித் தரவல்லவரையும் ஊரிலே வாழவைக்கிறார். உலை அணைந்த ஊரிலே, நல்ல கத்தியும் ஒருநாள் பழைய இரும்பாகிவிடும்.