தமுக்கத்தில் ஒரு பகல்

மதுரைக்கு வருகிறவர்கள் மீனாட்சியைக் கும்பிட்டு, மகாலைப் பார்த்து, ஜிகர்தண்டா குடித்துவிட்டு ராத்திரி வண்டியைப் பிடித்துவிடுகிறார்கள். உள்ளூர்க்காரர்களான நமக்கோ தமுக்கம் என்றால் சித்திரைப் பொருட்காட்சி, அவ்வளவுதான். அந்த மைதானத்தை ஒட்டிய அரண்மனைத் தோட்டத்துக்கும், வைகைக்குத் தென்கரையில் இருக்கிற பழைய தேவாலயத்துக்கும் ஒரு பகலை ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

காலையிலேயே அரண்மனைக்குப் போய்விடுங்கள். 1670 வாக்கில் கட்டிய மாளிகை அது. ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனை என்று பெயர் பெற்றது. யானைச் சண்டையை வேடிக்கை பார்த்த இடம். பிறகு ஆற்காடு நவாபிடம் போய், கும்பினியாரிடம் போய், 1955-இல் காந்தி நினைவு நிதிக்கு வந்து சேர்ந்தது. 1959 ஏப்ரல் 15 அன்று நேரு வந்து அங்கே காந்தி அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். வளாகத்துக்குள்ளேயே காந்தி இருந்த சேவாகிராமக் குடிலைப் போல ஒரு குடில் கட்டியிருக்கிறார்கள். முதலில் அதைப் பாருங்கள், அப்புறம் மாளிகைக்குள் போங்கள். ராணி இருந்த வீட்டையும் காந்தி இருந்த வீட்டையும் நாலு எட்டில் கடந்துவிடலாம்.

நான் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவன். பிள்ளைகளை அழைத்துப் போனால் ஒரே ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மட்டும் வாயைத் திறக்கமாட்டேன். 1948 ஜனவரி 30 அன்று காந்தி உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அதற்குள் இருக்கிறது. ஒருமுறை ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஏன் சார், டில்லியில ஜனவரி மாசம் குளிருமே, இதை மட்டுமா கட்டியிருந்தாரு?” என்றாள். பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்வி. “அந்த உடையைக் கட்டுவதென்று அவர் முடிவெடுத்த ஊரே நம்ம ஊர்தாம்மா” என்றேன். 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதி. ஏழைக்குக் கிடைக்காத துணி தனக்கும் வேண்டாம் என்று அன்று அரைத்துணிக்கு மாறியவர், கடைசி வரை மாறவில்லை. மேலமாசி வீதியில் தொடங்கிய கதை தமுக்கத்தில் கண்ணாடிக்குள் முடிந்திருக்கிறது. இதை நம் பிள்ளைகளுக்கு நாம்தானே சொல்ல வேண்டும்?

அங்கேயே நின்றுவிட்டேன், நேரம் ஓடுகிறது. வெயில் தாழ்ந்ததும் கோரிப்பாளையம் வந்து, 1889-இல் திறந்த ஏ.வி. பாலத்தில் வைகையைக் கடந்து, செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்துக்குப் போங்கள். 1812 முதல் 1828 வரை மதுரைக் கலெக்டராக இருந்த ரௌஸ் பீட்டரின் கல்லறை அங்கே இருக்கிறது. ஜனங்கள் ‘பீட்டர் பாண்டியன்’ என்று கொண்டாடிய மனிதர். மழையிரவில் மீனாட்சியே சிறுமியாக வந்து எழுப்பி, இடிந்து விழ இருந்த வீட்டிலிருந்து அவரைக் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். அம்மனுக்கு அவர் காணிக்கையாகக் கொடுத்த ரத்தினம் பதித்த தங்க அங்கவடி, திருவிழாவில் அம்மன் குதிரை வாகனம் ஏறும்போது இன்றும் சாத்தப்படுகிறது. தேவாலயத்துக்குள் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் சரி.

அரண்மனை, குடில், தேவாலயம் மூன்றுக்கும் ஒரு பகல் தாராளம். அடுத்த விடுமுறைக்கு வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவசரப்படுத்தாதீர்கள், கேள்வி கேட்கவிடுங்கள். நம் ஊரை நம்மைவிட நன்றாக அறிந்தவர்களாக அவர்கள் வளரட்டும்.