காய்ச்சல் 39ஆ, 102ஆ?



குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது. தாய் புதிய தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துப் பார்க்கிறாள். 39 என்று காட்டுகிறது. "98க்கு மேல் போனால்தானே காய்ச்சல்? இது வெறும் 39தானே" என்று சும்மா இருந்துவிடலாமா?

கூடாது. அந்த 39 நல்ல காய்ச்சல்.

துணியை மீட்டரிலும் அளக்கலாம், கெஜத்திலும் அளக்கலாம். துணி ஒன்றுதான், எண் மட்டும் மாறும். சூட்டை அளக்கவும் அப்படி இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று ஃபாரன்ஹீட். மற்றொன்று செல்சியஸ். இரண்டும் மனிதர்களின் பெயர்கள். ஃபாரன்ஹீட் என்பவர் ஹாலந்து நாட்டில் பாதரச வெப்பமானி செய்தவர். 1724இல் தம் அளவை வெளியிட்டார். செல்சியஸ் சுவீடன் நாட்டு வானியல் அறிஞர். 1742இல் 100 படிகள் கொண்ட அளவைச் சொன்னார்.

நம் நாட்டில் இரண்டும் புழங்குகின்றன. வானிலைச் செய்தியில் வெயிலைச் செல்சியஸில் சொல்கிறார்கள். காய்ச்சலைப் பெரும்பாலும் ஃபாரன்ஹீட்டில் சொல்கிறார்கள். புதிய தெர்மாமீட்டர்கள் சில செல்சியஸில் காட்டும். குழப்பம் இங்கேதான் வருகிறது.

எது எந்த அளவு என்று எப்படி அறிவது? எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். பிறை நிலாபோல வளைந்திருந்தால் அது செல்சியஸ். ஒரு நேர்கோடும், அதன் வலப்பக்கம் மேலே ஒரு கோடும் நடுவில் ஒரு கோடும் இருந்தால் அது ஃபாரன்ஹீட். எழுத்து தெரியாவிட்டாலும் எண்ணே சொல்லிவிடும். உடம்புச் சூடு 35, 37, 40 என்று வந்தால் செல்சியஸ். 95, 98, 104 என்று வந்தால் ஃபாரன்ஹீட்.

இனிக் கணக்குக்கு வருவோம். தண்ணீர் பனிக்கட்டியாக உறையும் இடம் செல்சியஸில் 0. ஃபாரன்ஹீட்டில் 32. தண்ணீர் கொதிக்கும் இடம் செல்சியஸில் 100. ஃபாரன்ஹீட்டில் 212. அதாவது உறைவதிலிருந்து கொதிப்பது வரை அங்கே 100 படி. இங்கே 180 படி. ஆகவே ஒரு செல்சியஸ் படிக்கு ஃபாரன்ஹீட்டில் 1.8 படி. தொடக்கமும் 32 தள்ளி இருக்கிறது.

இதை மனக்கணக்காகவே போடலாம். 40 செல்சியஸை எடுத்துக்கொள்வோம்.

இரண்டு மடங்கு ஆக்குங்கள்: 80.
அதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள்: 80 – 8 = 72.
32ஐக் கூட்டுங்கள்: 72 + 32 = 104.

40 செல்சியஸ் என்பது 104 ஃபாரன்ஹீட்.

திருப்பிப் போட வேண்டுமா? 104இல் 32ஐக் கழியுங்கள்: 72. அதை 5ஆல் பெருக்குங்கள்: 360. அதை 9ஆல் வகுங்கள்: 40. விடை சரியாக வந்துவிட்டது.

அவசர நேரத்தில் கணக்குப் போட முடியாது. அதனால் இந்த நான்கு வரிகளையும் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள்:

37 செல்சியஸ் – 98.6 ஃபாரன்ஹீட் – இயல்பான சூடு
38 செல்சியஸ் – 100.4 ஃபாரன்ஹீட் – காய்ச்சல்
39 செல்சியஸ் – 102.2 ஃபாரன்ஹீட் – அதிகக் காய்ச்சல்
40 செல்சியஸ் – 104 ஃபாரன்ஹீட் – கடும் காய்ச்சல்

இயல்பான சூடு ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை சற்று மாறும். ஆனால் 3 மாதம் நிறையாத குழந்தைக்கு 38 செல்சியஸ் வந்தாலே தாமதிக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். பெரிய குழந்தையானாலும் மயக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல் இருந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

டாக்டரிடமோ நர்சிடமோ சொல்லும்போது எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். "39 செல்சியஸ்" என்று அளவின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. ராஜஸ்தானில் பலோடி என்ற ஊர் இருக்கிறது. 2016 மே 19 அன்று அங்கே வெயில் 51 செல்சியஸைத் தொட்டது. ஃபாரன்ஹீட்டில் அது எவ்வளவு? வீட்டில் போட்டுப் பாருங்கள். 123.8 என்று வந்தால் உங்கள் கணக்கு சரி.